சொல்லிவிட்டுச் செய்த சோதனை

எனக்குச் சோறு போடுவது அருவருப்பு. சாப்பாட்டுக் கடைகளின் சமையலறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து, அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்து, கழுவுதொட்டியின் துவாரத்தில் விரலை விட்டு முகர்ந்து பார்த்து அறிக்கை எழுதுவது என் உத்தியோகம். பதினாலு வருடமாக இதே பிழைப்பு. கடைக்காரர்கள் எனக்கு 'மூக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'மூக்கு வருது' என்று ஒருவன் சொன்னால் போதும், அந்தத் தெரு முழுக்கத் துடைப்பம் ஓடும். அதனால் ஒரு தெருவில் ஒரு நாளைக்கு ஒரு கடைக்கு மேல் போக மாட்டேன். சொல்லிவிட்டுப் போகிற சோதனை சோதனையே இல்லை, அது விருந்துக்குப் போகிற மாதிரி என்று ஆபீசில் அத்தனை பேரிடமும் வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைக் காறித் துப்ப வசதியாக இருக்கும்.

முப்பத்தொன்பது வயதில்தான் முதல் பிள்ளை உண்டானேன். மசக்கை போய் மாதக்கணக்காகியும் மூக்கு மட்டும் அடங்கவில்லை. பக்கத்துத் தெருவில் குப்பை லாரி திரும்பினால் எனக்கு இங்கே குமட்டும். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் வாசனையோடு வந்து நிற்கிற மனிதரை, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உள்ளே விடுவேன். அவரும் வாயைத் திறக்காமல் வாசல் குழாயடியில் நின்று கழுவுவார். பொறுமைசாலி. இல்லாவிட்டால் என்னோடு எட்டு வருடம் குப்பை கொட்ட முடியுமா?

எட்டாம் மாதம் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே குழந்தை டாக்டர் ஒருவரைப் பார்த்துப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். வீட்டுக்கு வந்த இரண்டு நாளைக்குள் அவர் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும், தையல் வலியோடு அப்போது போய் டாக்டர் தேடி அலையக்கூடாது என்றாள். பிறக்காத பிள்ளைக்கு டாக்டரா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளையின் மேல் படப்போகிற முதல் வெளிக்கை யாருடையது, அந்தக் கையைக் கழுவுகிற தொட்டி எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க என்னைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு மண்டைக்கனம் எனக்கு.

நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், என் வீட்டுக்காரரின் தங்கை. மூன்று பிள்ளை பெற்றவள். மூன்றையும் தூக்கி நிறுத்தியது பிஸ்கட் டாக்டர்தான், வேறு எங்கும் போக வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த டாக்டர் எந்நேரமும் பிஸ்கட் மென்றுகொண்டே இருப்பாராம், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். அவளுடைய கடைக்குட்டிக்குக் காது வலி என்று ஒரு புதன்கிழமை அவள் கிளம்ப, நானும் ஒட்டிக்கொண்டு போனேன். போன் கீன் எதுவும் செய்யவில்லை. பழக்கம்.

உவ்வே. இப்போது நினைத்தாலும் தொண்டைக்கு வருகிறது. காத்திருக்கிற அறையில் ஒரு மீன் தொட்டி, தண்ணீர் பாசி பிடித்து, உள்ளே மீன் இருக்கிறதா என்பதையே ஊகிக்க வேண்டும். நாற்காலிக் கைப்பிடியில் எவனோ ஒட்டிய மிட்டாய், அதில் தலைமுடி. சுவரில் பிள்ளைகளின் கையுயரம் வரைக்கும் பிசுபிசுவென்று ஒரு கறுப்புப் பட்டை. மூலையில் ஒரு பொம்மைப் பெட்டி. அதற்குள் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்து, அமுக்கினால் கீச்சென்று கத்துமே, அடியில் ஓட்டை இருக்குமே, அது. அந்த ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. தொழில் புத்தி சும்மா விடுமா? எடுத்து அமுக்கினேன். கத்தியது. கூடவே என் உள்ளங்கையில் கறுப்புத் தண்ணீர் நாலு சொட்டு. எத்தனை பிள்ளைகளின் எச்சில், எத்தனை மாதத்துப் பூஞ்சை. நான் கையை விரித்தபடி நிற்கும்போதே ஒரு குழந்தை தவழ்ந்து வந்து அதை என்னிடமிருந்து பிடுங்கி நேராக வாயில் வைத்துக்கொண்டது. அதன் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

உள்ளே டாக்டர். அறுபது வயதிருக்கும். தோளில் எந்தப் பிள்ளையோ கக்கிய பால் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கிறது. சட்டைப் பையில் பிஸ்கட் தூள். கைகழுவும் தொட்டியில் பழுப்பு வளையம், பக்கத்தில் தொங்குகிற துண்டு எந்தக் காலத்தில் வெள்ளையாக இருந்ததோ. நாத்தனார் மகனுக்குக் காது பார்த்து முடித்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். எத்தனை மாதம் என்று கேட்டார். பிறகு என் ரத்தம் எந்தப் பிரிவு என்றார். ஓ என்றேன். வீட்டுக்காரருக்கு? பி என்றேன். உடனே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா ஓ, பிள்ளை பி என்று அமைந்தால் மூன்றாம் நாள், நாலாம் நாள்... அதற்குள் பையனுக்கு மூக்கு ஒழுகியது. டாக்டர் தன் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். மடித்தார். சட்டைப் பையில், பிஸ்கட் பக்கத்தில் வைத்தார். அதே கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

அதன் பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். வாசல்படியில், பூத்தொட்டிக்குப் பக்கத்தில், காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. நாத்தனார் என் முதுகைத் தடவிவிட்டாள். அந்தக் கையையும் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன். என் பிள்ளை அந்தப் படி ஏறாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அண்ணி, அவருக்கு அப்படி ஒரு கைராசி என்று அவள் ஆரம்பித்தாள். கைராசியா, கைக்குட்டை ராசியா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அடுத்த வாரம் ஆபீசில் ஒருத்தி வெள்ளை கிளினிக்கைப் பற்றிச் சொன்னாள். கட்டடமே வெள்ளை, உள்ளேயும் வெள்ளை, டாக்டரம்மா உடுத்துவதும் வெள்ளை. நினைத்தபோது போய் நிற்க முடியாது, முன்பதிவு வேண்டும் என்றாள். போன் செய்தேன். தேன் ஒழுகுகிற குரலில் ஒரு பெண் பேசினாள், நாலு பக்கப் படிவம் அனுப்பி வைத்தாள். என் ரத்தப் பிரிவு, அவருடையது, என் வயது, சர்க்கரை, தைராய்டு, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், ஒன்றையும் விடாமல் கேட்டிருந்தார்கள். பார்த்தீர்களா, முறை என்றால் இதுதான் முறை என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். தொழில் என்ற இடத்தில் 'அரசு உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர்' என்று முத்து முத்தாக எழுதினேன். நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

போனோம். கதவைத் திறந்ததும் ப்ளீச்சிங் வாசனை. எனக்கு அது மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். பொம்மைகள் எல்லாம் மூடி போட்ட டப்பாவில், ஒவ்வொன்றின் மேலும் 'கழுவியது' என்று சீட்டு. சன்னல் கண்ணாடி முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஒட்டி, உள்ளே கண்ணுக்கு இதமான மஞ்சள் விளக்கு. டாக்டரம்மா என்னை எழுந்து நின்று வரவேற்றார். சுத்தம்தான் குழந்தை வைத்தியத்தில் பாதி என்றார். அப்படியே காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. நான் கேட்காமலே கழுவுதொட்டியைக் காட்டினார், அலமாரியைத் திறந்து காட்டினார், விரிப்புத் துணி அடுக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கிளம்பும்போது ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே குட்டிப் போர்வை, பால் புட்டி, ஒரு பால்பவுடர் டப்பா.

எந்தச் சமையல்காரனாவது கேட்காமலே தொட்டியைத் திறந்து காட்டினால் நான் சந்தேகப்படுவேன். அவன் அடுப்படியைத்தான் முதலில் புரட்டுவேன். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே புல் மேயப் போயிருந்ததோ. அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஓ, பி என்ற பேச்சே வரவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. டாக்டர் கிடைத்தாயிற்று என்று நிம்மதியாக வந்து பிள்ளைக்கு வாங்க வேண்டியதை வாங்க ஆரம்பித்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு ஃபைல் கொடுத்து, இரண்டு நாளைக்குள் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மறக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்கள். தாய் ஓ, குழந்தை பி என்று அதன் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள் என்று நினைத்தேன்.

வீட்டை நான் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். தூசி வரும் என்று சன்னலைச் சாத்தி, இளமஞ்சள் திரையையும் இழுத்து விட்டிருந்தேன். கை கழுவாமல் ஒருவரும் உள்ளே வரக்கூடாது, கழுவினாலும் பிள்ளையைத் தூக்கக்கூடாது. நாத்தனார் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க ஓடி வந்தாள். லேசாக மூக்கடைத்த குரலில் பேசினாள். வாசலிலேயே நிறுத்தி, சளி போனதும் வா என்று திருப்பி அனுப்பினேன். மூன்று பிள்ளையை வளர்த்தவள், உள்ளே வந்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். மேல் வீட்டு அம்மா மட்டும் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, என்ன நிறம், தங்க விக்கிரகம் மாதிரி இருக்கிறாளே என்று கன்னத்தில் கை வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

தங்க விக்கிரகம் அழவும் இல்லை. இரண்டு உறிஞ்சு உறிஞ்சும், தூங்கிவிடும். தொந்தரவே இல்லாத பிள்ளை என்று நானும் அவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். ஈரத் துணியில் மூத்திரம் அடர்ந்த மஞ்சளாக இருந்தது. ஊரில் இருக்கிற சாக்கடைத் துவாரத்தையெல்லாம் முகர்கிறவள், என் பிள்ளையின் துணியைப் பார்த்துவிட்டுத் துவைக்கப் போட்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளை கிளினிக்குக்குப் போன் செய்தேன். அடுத்த வியாழன் வரைக்கும் இடமில்லை என்றது தேன்குரல். இரண்டு நாளைக்குள் காட்டச் சொன்னார்கள் என்றேன். போட்டோ எடுத்து அனுப்புங்கள், டாக்டரம்மா பார்த்துச் சொல்வார் என்றாள். அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு இதயப் படமும் 'சோ க்யூட்' என்ற பதிலும் வந்தன.

நாலாம் நாள் காலை பிள்ளை பால் குடிக்கவே எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன், ஈரத் துணியால் துடைத்தேன். கண்ணைப் பாதி திறந்து மூடிக்கொண்டது. முன்பதிவாவது மண்ணாவது என்று பிள்ளையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெள்ளை கிளினிக்குக்குக் கிளம்பினோம். அங்கே அன்றுதான் முதல் முறையாகச் சொல்லாமல் போனேன்.

கதவைத் திறந்தோம். ப்ளீச்சிங் வாசனை இல்லை. ஈரப் பாய் மக்கிய நாற்றம், அதன் மேலே எதையோ தெளித்த செயற்கை எலுமிச்சை. 'கழுவியது' டப்பாக்கள் திறந்து கிடந்தன, பொம்மைகள் தரையில் இறைந்து கிடந்தன. அன்றைக்கு டாக்டரம்மா பெருமையாகக் காட்டிய தொட்டியில் மூன்று சாப்பாட்டு டப்பாக்கள் கழுவாமல் ஊறிக்கொண்டிருந்தன. பரிசோதனை மேஜை விரிப்பில் முந்தைய பிள்ளை கக்கியது உலராமல் இருந்தது. உதவிப்பெண் அதன் மேலேயே என் பிள்ளையை வைக்கக் கை நீட்டினாள். நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவள் தெர்மாமீட்டரைத் தன் சுடிதார் ஓரத்தில் துடைத்து என் பிள்ளையின் அக்குளில் செருகினாள். சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

டாக்டரம்மா உள்ளே வந்தார். என்னை அடையாளம் கண்டதும் முகம் ஒரு நொடி மாறியது. பின் சிரித்தார். மஞ்சள் விளக்குக்குக் கீழே நின்றபடியே பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். ஃபைலை நீட்டினேன். அதைத் திறக்காமலே உதவிப்பெண்ணிடம் தள்ள, அவள் மேலே ஒரு சீட்டை ஸ்டேப்ளரால் குத்தினாள். பச்சைப் பிள்ளைகள் தூங்கத்தான் செய்யும், உங்களுக்குப் பால் பத்தவில்லை, அந்தப் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே போய்விட்டார்.

உதவிப்பெண் நல்லவள். அல்லது அசடு. வாசல் வரைக்கும் கூடவே வந்தாள், நான் தொட்டியை முறைத்ததைப் பார்த்துச் சங்கடப்பட்டாள் போலிருக்கிறது.

"நீங்க இன்னைக்கு வர்றீங்கன்னு தெரியாது மேடம். அன்னைக்கு உங்க ஃபாரத்துல இன்ஸ்பெக்டர்னு பாத்ததும் வெளியில இருந்து ஆளு கூப்பிட்டு ரெண்டு நாளு கழுவினோம். டப்பாவுக்கெல்லாம் நான்தான் சீட்டு ஒட்டினேன்."

நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் ரத்தம், அவர் ரத்தம், எல்லாம். அதில் அவர்கள் படித்தது அந்த ஒரே ஒரு வரியை.

அந்த வாசலில் நின்றபோது எனக்கு வந்த குமட்டல் அவர்கள் மேல் வந்தது இல்லை. பதினாலு வருடம் கண்துடைப்பு வேலைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவள், என் சொந்தப் பிள்ளைக்கு டாக்டர் தேடும்போது பேர், ஊர், உத்தியோகம் எல்லாம் சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போயிருக்கிறேன். சொல்லாமல் போன ஒரே இடத்தைக் கழித்துக் கட்டியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். த்தூ என்று அந்தப் பளிங்குப் படியிலேயே துப்பினேன். வாழ்நாளில் நான் பொது இடத்தில் துப்பியது அந்த ஒரு தடவைதான்.

என் வீட்டுக்காரர் உடனே தங்கைக்குப் போன் போட்டார். நாங்கள் பிஸ்கட் டாக்டர் வாசலில் போய் இறங்கும்போது அவள் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள், வரிசையில் இருந்தவர்களிடம் கெஞ்சி வழியும் வாங்கி வைத்திருந்தாள். மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் கட்டியிருந்தாள். சொல்லிக்காட்ட அவளுக்கு எவ்வளவோ இருந்தது. "உள்ள போங்க அண்ணி," என்று மட்டும் சொன்னாள்.

மீன் தொட்டி அதே பாசியோடு இருந்தது. மிட்டாயும் அதே இடத்தில். டாக்டர் தோளில் இன்று புதுத் திட்டு. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"வாசல்ல வாந்தி எடுத்த அம்மாதானே? ஓ க்ரூப்பு."

பிஸ்கட்டைக் கீழே வைத்தார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். அந்தத் துண்டைத் தொடவில்லை. கையை உதறி உதறிக் காயவைத்தார். அன்றைக்கும் இப்படித்தான் செய்திருப்பாரோ என்னவோ, நான் துண்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் துணியை முழுக்கக் கழற்றிச் சன்னலோரம் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். நெற்றியில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சளாக நின்றது. நெஞ்சில் அழுத்தினார். வயிற்றில், தொடையில், கடைசியாகப் பாதத்தில். வீட்டுக்கு வந்த பிறகு என் பிள்ளையைத் துணியில்லாமல் பகல் வெளிச்சத்தில் நானே அப்போதுதான் பார்த்தேன். தங்கமும் இல்லை ஒன்றும் இல்லை. கண்ணின் வெள்ளைகூட மஞ்சள்.

"உங்க ரத்தமும் பிள்ளை ரத்தமும் ஒத்துக்காம வந்த காமாலை, பாதம் வரைக்கும் எறங்கிடுச்சும்மா. இனிமே இது மூளைக்குப் போகக் கூடாது. இங்க ஒரு நிமிஷம்கூட உக்காராதீங்க, கிளம்புங்க."

நாங்கள் படி இறங்கும்போதே அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தாய் ஓ, பிள்ளை பி, நாலாம் நாள், விளக்கைத் தயாராக வை என்று சத்தம் போடுவது கேட்டது.

இரண்டு நாள் நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் போட்டிருந்தார்கள். உடம்பு ரத்தத்தையே மாற்ற வேண்டி வரலாம் என்று கையெழுத்துகூட வாங்கினார்கள். மயிரிழையில் அது தேவைப்படவில்லை. மஞ்சள் குறைந்தது, பிள்ளை வீறிட்டு அழுதது, பால் குடித்தது. ஆனால் அனுப்பும்போது ஆஸ்பத்திரி டாக்டர் ஒன்று சொன்னார். இவ்வளவு ஏறிய மஞ்சள் சில பிள்ளைகளுக்குக் காதைக் கெடுத்துவிட்டுப் போகும், ஆறு வாரத்தில் மெஷின் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

அந்த ஆறு வாரத்தை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். பிள்ளை தூங்கும்போது கை தட்டுவேன். சில நேரம் அசையும், சில நேரம் அசையாது. அசைந்தது சத்தத்துக்கா, காற்றுக்கா? என் வீட்டுக்காரர் ஸ்பானரைக் கை தவறியது போலக் கீழே போடுவார். கை தவறவில்லை என்று எனக்குத் தெரியும். இவளுக்குக் காது கேட்காமல் போனால் அதற்குக் காரணம் நோய் இல்லை, என் மூக்கு. அந்த நினைப்பு வந்தால் சோற்றுத் தட்டில் கை வைக்க முடியாது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததும் நல்லதாகப் போயிற்று. எந்தக் கடைக்காரன் முகத்தில் நான் விழிப்பேன்?

இதற்கிடையில் பிஸ்கட் டாக்டரிடம் நாலு தடவை போனேன். அவர் மாறவில்லை. ஒரு டஜன் வெள்ளைத் துண்டும் சோப்புப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ஒரு துண்டு மீன் தொட்டிக்கு மூடியாகியிருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிள்ளையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு அவருடைய தொட்டியை நானே தேய்த்தேன். பரவாயில்லையே, பளபளக்குதே என்று வந்து பார்த்தார், பிஸ்கட் தூளை அதிலேயே உதறினார். சீ, என்ன மனிதர்.

ஆறாம் வாரம் தடுப்பூசி. மெஷின் சோதனை வியாழக்கிழமை, அன்று திங்கள். ஊசி போட மேஜையில் என் விரிப்பை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினேன். ஊசியை எடுக்காமல் டாக்டர் என் முகத்தையே பார்த்தார். நான் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். பிள்ளையின் காதைத் தொட்டுக் காட்டினேன். மெஷின் சொல்வதுதான் முடிவு, இருந்தாலும் வியாழன் வரைக்கும் நீங்கள் தாங்க மாட்டீர்கள் போலிருக்கிறதே என்று முனகிக்கொண்டே அறைக்கு வெளியே போனார்.

வரும்போது கையில் அந்த வாத்து.

எனக்குத் தெரியும் அது எது என்று. ஓட்டையைச் சுற்றிய கறுப்பு வளையம் இன்னும் அகலமாகியிருந்தது. கழுத்தில் புதிதாகப் பல் தடம். அதைப் பிள்ளையின் தலைக்குப் பின்னால், அவள் கண்ணில் படாத பக்கமாக, வலது காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். நான் மூச்சை அடக்கினேன். நாற்றத்துக்காக இல்லை.

அமுக்கினார். கீச்சென்று கத்தியது.

பிள்ளையின் இரண்டு கையும் தூக்கிப் போட்டன. கண் விரிந்தது. உதடு பிதுங்கி, முகம் சிவந்து, அழுகை வெடித்தது. வாத்தின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் என் முழங்கையில் விழுந்து மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அந்த நாற்றம் எனக்கு நன்றாகவே தெரிந்தது, குடலைப் புரட்டுகிற நாற்றம். டாக்டர் துடைக்கச் சொல்லித் தன் கைக்குட்டையை நீட்டினார். நான் வாங்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

"அந்தப் பக்கக் காதுக்கும் ஒரு தடவ அமுக்குங்க டாக்டர்," என்றேன்.